துருவப் பயணமும் உடல் நலமும்

மார்கழி மாதத்துக் காலையில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிற்போருக்கு, சேற்றில் ஓடியோடி இரை பொறுக்கும் கொசு உள்ளான்கள் கண்ணில் படும். உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய இச்சிறு பறவைகள் வடதுருவத்தை அடுத்த பனிவெளியில் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் முற்றுமுன் நம் நாட்டுக் கரைகளை நாடி வந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் அங்கிருந்து அகன்றுவிடுவதே பறவை அறிந்த பாதுகாப்பு. மனிதனோ ஆராய்ச்சியின் பொருட்டுத் துருவத்திலேயே தங்குகிறான். அவன் தன் உயிரைக் காத்துக்கொள்வது எங்ஙனம்?

தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவுக்கு முதல் இந்தியக் குழு டாக்டர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரியில் சென்றடைந்தது. இன்று மைத்ரி, பாரதி என்னும் இரு நிலையங்கள் நமக்கு அங்கே உள்ளன. செல்வோர் முதற்கண் கடுமையான மருத்துவப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். பின்னர் இமயத்து ஔலியில் பனியில் பழகவேண்டும். பரிசோதனை எதற்கு என்று கேட்கலாம். மைத்ரிக்கு அண்மையிலுள்ள ரஷ்ய நிலையத்தில் 1961ஆம் ஆண்டு, ரோகஸோவ் என்னும் மருத்துவருக்கே குடல்வால் அழற்சி கண்டது. வேறு மருத்துவர் அங்கில்லை. தோழர் கண்ணாடி பிடிக்க, அவர் தம் வயிற்றைத் தாமே அறுத்துச் சிகிச்சை செய்து பிழைத்தார். எல்லோருக்கும் அத்தகைய நல்வாய்ப்பு அமையாது. ஆகவே நோயை ஊரிலேயே கண்டறிதல் நலம்.

இனி, குளிரைப் பற்றிக் காண்போம். ஏரியில் நனைந்த மீனவர் காற்றில் நிற்கும்போது, வெயில் நாளிலும் உடல் நடுங்குகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து உடற்சூட்டைக் கவர்வதே காரணம். துருவத்திலும் இதே விதிதான். தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் பல சிறந்தவை; இடையே தங்கும் காற்று சூட்டைக் காக்கும். உழைக்கும்போது ஓர் ஆடையைக் களைந்து வியர்வையைத் தவிர்க்கவேண்டும். வியர்வையில் நனைந்த உடையே பின்னர் பகையாகும்.

விரல், மூக்கு, காது ஆகியவை வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் அது பனிக்கடி. அவ்விடத்தைத் தேய்க்கலாகாது, தீயருகே காட்டவும் கூடாது. மரத்த தோல் வெந்துபோவதும் தெரியாது. மீண்டும் உறையாது என்று உறுதியான இடத்தை அடைந்தபின், வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தவேண்டும். தன் மூக்கு வெளுப்பதைத் தானே காண இயலாதாகையால், ஒருவர் முகத்தை மற்றவர் அடிக்கடி பார்த்துச் சொல்வது வழக்கம்.

வெண்பனியில் பட்டு எதிரொளிக்கும் கதிர்கள் கண்ணைப் புண்ணாக்கும். கறுப்புக் கண்ணாடி இன்றியமையாதது. வறண்ட காற்று உடலின் நீரை உறிஞ்சுகிறது. ஆயினும் தாகம் தோன்றாது. பனியை உருக்கியே பருகவேண்டும். அப்படியே தின்றால், அதை உருக்க உடற்சூடு செலவாகும்.

குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளை அடைப்பதில் மற்றோர் அபாயம் உண்டு. அடுப்பும் எந்திரமும் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். 1989-90இல் சென்ற நமது ஒன்பதாவது குழுவினரில் நால்வர், முகாமிட்டிருந்த கூடாரத்தில் இவ்வாயுவால் மாண்டனர். பயிற்சி பெற்றோரையும் அது விட்டுவைக்கவில்லை. எனவே காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிபொருள் எரித்தல் ஆகாது.

பனிப்பரப்பின் கீழே ஆழ்ந்த பிளவுகள் மறைந்திருக்கும். ஆதலால் கழியால் ஊன்றிப் பார்த்து, ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைந்து நடப்பர். பனிப்புயல் வீசுங்கால் கைக்கெட்டும் தொலைவும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது உள்ளே தங்கியிருப்பதே அறிவுடைமை.

மாணவ நண்பர்களே, பழவேற்காட்டு மீனவர் கடலைக் கண்டு அஞ்சுவதில்லை. எனினும் காற்றையும் வானத்தையும் நோக்காமல் படகைத் தள்ளுவதுமில்லை. பனிக்கண்டத்துக்குச் செல்வோருக்கும் அந்தப் பழக்கமே வேண்டும். நாளை உங்களில் எவரேனும் அங்குச் செல்லக்கூடும். புறப்படுமுன் போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் தோழரிடம் சொல்லிச் செல்லுங்கள். தனியே மட்டும் செல்லாதீர்கள்.