மேட்டுச் சரிவில் டிராக்டர்



மாலையில் டிராக்டர் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் லயத்து வாசலிலிருந்து ஓடிப்போய் மட்கார்டில் ஏறிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அப்பாவுடன் சவாரி போக அவர்களுக்கு ஆசை. ஆனால், டிராக்டரில் ஓட்டுநர் ஒருவருக்கே இடமுண்டு. ஏன் என்பதை இன்று பார்ப்போம்.

காருக்குக் கனம் தாழ்வாக இருக்கிறது. டிராக்டருக்கோ அது உயரத்தில் இருக்கிறது. சமதரையில் அந்தக் கனம் நான்கு சக்கரங்களுக்கு நடுவே இறங்கும். சரிவில் குறுக்கே ஓட்டினால் கீழ்ப்பக்கச் சக்கரத்தை நோக்கி நகரும். அதைத் தாண்டினால் வண்டி கவிழும். கீழ்ச்சக்கரம் ஒரு குழியில் இறங்கினாலும், மேல்சக்கரம் லாலான் புல்லுக்குள் மறைந்த கட்டையில் ஏறினாலும் போதும். வேகம் இரு மடங்கானால், திருப்பத்தில் கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகும்.

ஆகவே, சரிவில் குறுக்கே செல்லாமல், நேர் மேலும் கீழுமாகப் புல் வெட்டுவதே நல்லது. அதிலும் கவனம் வேண்டும். ஏறும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். இழுக்கும் பாரத்தைத் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் வண்டி பின்னோக்கிப் புரளும். அதற்கு ஒன்றரை வினாடி போதும். குதித்துத் தப்ப நேரமிராது.

இறங்குவதானால், சரிவு தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும்; செம்பனைக் குலை ஏற்றிய டிரைலர் பின்னாலிருந்து தள்ளும். இடது, வலது பிரேக் மிதிகளை இணைத்துப் பூட்டியிருக்க வேண்டும். மழை பெய்தால் புல் காயும்வரை சரிவில் வெட்ட வேண்டாம். கத்தியில் புல் சிக்கினால், எஞ்சினை நிறுத்தி, சுழற்சி நின்ற பிறகே இறங்குங்கள்.

சுவீடன் நாடு 1959இல் புதிய டிராக்டர்களுக்கு ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. சட்டகம் இருந்தால் இருக்கை வாரையும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தே உயிரைக் காக்கும். சட்டகம் இல்லாத வண்டியைச் சரிவுக்குக் கொண்டுபோகவே கூடாது. மட்கார்டில் உட்காரும் பிள்ளைக்குச் சட்டகமும் இல்லை, வாரும் இல்லை. வண்டி ஒரு குழியில் குலுங்கினால், பெரிய சக்கரத்தின் முன்னேதான் அது விழும்.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்பான இயந்திரமும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. 2024 ஜூன் முதல் நடப்பிலுள்ள திருத்தம் இன்னோர் உரிமையும் தருகிறது. உடனடி ஆபத்து உண்டென்று தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, நிர்வாகம் அந்த ஆபத்தை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

ஆகவே, மழை பெய்த காலையில், பெரட்டுக் களத்திலேயே, "இன்றைக்கு அந்த மேடு வேண்டாம்" என்று மண்டோரிடம் சொல்வது கோழைத்தனம் அல்ல. வேலை தெரிந்தவரின் பேச்சு. வீட்டிலுள்ளோரும் அதற்குத் துணை நிற்க வேண்டும். ஒரு நாள் கூலி குறைந்தால் மறுநாள் ஈடுகட்டலாம். ஓட்டிப்போனவர் திரும்பி வராவிட்டால் எதைக்கொண்டு ஈடுகட்டுவோம்?

இன்று மாலை பிள்ளை ஓடிவந்தால், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கையைப் பிடித்து நடந்தே வீட்டுக்கு வாருங்கள்.