கொப்புளம் சாட்சி சொல்லாது: ஹேர்ப்பீஸ் நோயைப் பற்றி அறிந்துகொள்வோம்

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். காணியை விட்டு இடம்பெயர்ந்தபின் கணவன் தூர இடத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறான். நான்கு மாதங்களின் பின் வீடு திரும்புகிறான். சில வாரங்களில் மனைவியின் பாலுறுப்பில் சிறு கொப்புளங்கள் எழும்புகின்றன. அவள் வெட்கத்தால் மறைக்கிறாள். தெரியவந்ததும் அவன் அவளைச் சந்தேகிக்கிறான். அவளோ அவனைச் சந்தேகிக்கிறாள். காணியையும் வீட்டையும் இழந்த குடும்பம், எஞ்சியிருந்த நம்பிக்கையையும் இழக்கிறது.

அறியாமையே இந்தச் சண்டைக்குக் காரணம். எனவே இதைப்பற்றி வெளிப்படையாகப் பேசுவோம்.

நோய் என்ன?

ஹேர்ப்பீஸ் என்பது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. இதில் இரண்டு வகை உண்டு. முதலாம் வகை பெரும்பாலும் உதட்டிலும், இரண்டாம் வகை பாலுறுப்பிலும் புண்ணை உண்டாக்கும். ஆனால் முதலாம் வகையும் பாலுறுப்பில் வரலாம். உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகைக் கிருமி இருப்பதாக 2020ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியாது.

அறிகுறிகள் தோன்றுவதானால், பொதுவாகத் தொற்றி 2 முதல் 12 நாட்களில் தோன்றும். முதலில் எரிவும் கடியும். பின்னர் நீர்க்கொப்புளங்கள் உடைந்து நோவுள்ள புண்களாகும். காய்ச்சல், கவட்டில் நெறிகட்டுதல், சலம் கழிக்கும்போது கடும் எரிவு ஆகியனவும் உண்டாகலாம். முதல் முறை வந்த புண் ஆற 2 முதல் 4 வாரம் செல்லும்.

கோரையைப் போல

வயலில் கோரையைப் பிடுங்குகிறோம். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. மழை பெய்ததும் முளைக்கிறது. இந்தக் கிருமியும் அப்படித்தான். புண் ஆறியபின் முள்ளந்தண்டின் அருகேயுள்ள நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, காய்ச்சல், களைப்பு, மனக்கவலை போன்ற வேளைகளில் மீண்டும் தலைகாட்டும். பின்னர் வருபவை பெரும்பாலும் இலேசானவை, காலப்போக்கில் குறையும்.

ஒருவருக்குக் கிருமி தொற்றிப் பல ஆண்டுகள் கழித்தே முதற் கொப்புளம் வெளிப்படவும் கூடும். ஆகவே அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கொப்புளத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூற எவராலும் முடியாது.

என்ன செய்யலாம்?

கிருமியை முற்றாக ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் அசைக்குளோவிர் என்னும் குளிசை புண்ணை விரைவில் ஆற்றும். கொப்புளம் கண்ட முதல் 3 நாட்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அடிக்கடி வருபவர்களுக்கு நாளாந்தம் எடுக்கவும் வைத்தியர் கொடுப்பார். கிரந்தி நோயிலும் புண் வரும். அதைப் பெனிசிலின் ஊசியால் மாற்றலாம். ஆகவே கைமருந்தோடு நில்லாமல் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மாவட்டப் பெரிய வைத்தியசாலைகளிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சிகிச்சை இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

வீட்டில் புண்ணை உப்புநீரால் கழுவி, ஈரம் ஒற்றி, தளர்வான பருத்தி உடை அணியுங்கள். சலம் கழிக்கும்போது நீரை ஊற்றிக்கொண்டிருந்தால் எரிவு குறையும். புண்ணைத் தொட்டால் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

எரிவு தொடங்கியதிலிருந்து புண் முற்றாக ஆறும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். மனைவி “இப்போது வேண்டாம்” என்றால் கணவன் அதை மதிக்க வேண்டும். புண் இல்லாத நாட்களிலும் கிருமி தொற்றலாம். ஆணுறை அந்த ஆபத்தைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. இந்நோய் உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடும் என்பதை மறவாதீர்கள்.

பொதுக் கிணறு, மலசலகூடம், ஒரே பாயில் இருத்தல் ஆகியவற்றால் இது பரவாது. முகாமில் எவரையும் ஒதுக்கவேண்டியதில்லை.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முறை தொற்றினால், பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவி உயிராபத்து ஏற்படலாம். கணவனுக்கோ மனைவிக்கோ எப்போதாவது புண் வந்திருந்தால் குடும்பநல மாதுவிடமும் வைத்தியரிடமும் மறையாது சொல்லுங்கள். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் சத்திரசிகிச்சை மூலம் குழந்தையை எடுப்பார்கள். மார்பில் புண் இல்லாவிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாம். உதட்டில் புண் உள்ளவர்கள் பச்சைக் குழந்தையை முத்தமிடக் கூடாது.

இந்த நோயோடு குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம், வயலில் இறங்கி வேலை செய்யலாம். குற்றஞ்சாட்டுமுன் இருவரும் சேர்ந்து சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். அங்கு தொடங்கும் பேச்சு வீட்டிலும் தொடரட்டும்.