வாகனத்தின் கம்பியில் யார் பேசலாம்?

ஹட்டனிலிருந்து றொசல்ல, வட்டவளை வழியாகக் கினிகத்தேனை நோக்கி இறங்கும் ஏ7 வீதியில் ஹைபிரிட் கார் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இறக்கம் நீள நீள, டேஷ்போர்ட்டில் பற்றரியின் அளவு ஏறிக்கொண்டே போகும். பிரேக்கை மிதித்ததும், அதுவரை சில்லுகளைச் சுழற்றிய மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, மலையிறங்கும் வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிறது. பற்றரி நிறைந்துவிட்டால், அதைக் கண்காணிக்கும் கணினி இனி ஏற்க முடியாது என்று அறிவிக்கும். உடனே பிரேக் கணினி, வழமையான எண்ணெய் பிரேக்கைக் கூடுதலாக இறுக்கும். சாரதியின் பாதத்துக்கு இந்தக் கைமாற்றம் பெரும்பாலும் தெரிவதில்லை. இத்தனை பேச்சும் நடப்பது, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகளில்.

அந்தக் கம்பிகளில் பேசும் முறைக்கு ‘கொன்ட்ரோலர் ஏரியா நெட்வேர்க்’ என்று பெயர்; சுருக்கமாகக் ‘கேன்’. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1983இல் இதை உருவாக்கத் தொடங்கி, 1986 பெப்ரவரியில் டெட்ரொயிட்டில் நடந்த வாகனப் பொறியியலாளர் மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே இன்டெலும் பிலிப்ஸும் அதற்கான சிப்களைக் கொண்டுவந்தன. 1993இல் அது ஐஎஸ்ஓ 11898 என்ற சர்வதேச நியமமாயிற்று. இன்று கார், லொறி, பஸ், உழவு இயந்திரம் என்று எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்போது, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சொக்கெட்டில் 6ஆம், 14ஆம் முனைகள் இந்தக் கேன் கம்பிகளுக்கே உரியவை.

இதன் நுட்பம் அழகானது. யாரும் பேசாதபோது இரண்டு கம்பிகளிலும் 2.5 வோல்ட் இருக்கும். 0 என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கம்பி 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். 1 என்றால் இரண்டும் அப்படியே இருக்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. எஞ்சினின் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குவதால், வித்தியாசம் மாறாமல் செய்தி தப்பிவிடுகிறது.

ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு தொடங்கும். 11 பிட் எண், அல்லது நீட்டிய வடிவில் 29 பிட் எண். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், இரண்டுமே பேசிக்கொண்டே கம்பியைக் கேட்கின்றன. கம்பியில் 0 எப்போதும் 1ஐ வெல்லும். 1 சொன்ன கணினி, கம்பியில் 0 இருப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு விலகிவிடும். ஆகவே சிறிய எண்ணுடைய செய்தியே முந்தும். ஒடுங்கிய மலைவீதியில் இறங்கும் வாகனம், ஏறும் லொறிக்கு வழிவிடுவது போன்ற ஒழுங்கு இது. ஆனால் இங்கே முந்துகிறவர் ஒரு கணம்கூடத் தாமதிக்க வேண்டியதில்லை. சாதாரண கேன் செய்தியில் அதிகபட்சம் 8 பைட் தரவுதான். கார்களில் வழமையான வினாடிக்கு 5 இலட்சம் பிட் வேகத்தில், ஒரு முழுச் செய்தி ஏறத்தாழ கால் மில்லிசெக்கனில் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த அமைப்பின் பலவீனமும் அதன் எளிமையிலேயே இருக்கிறது. செய்தியில் அனுப்பியவர் பெயரும் இல்லை, பெறுபவர் முகவரியும் இல்லை. ‘இது சில்லின் வேகம்’ என்று எண் சொல்லும். யார் சொன்னது என்று எதுவும் சொல்லாது. கம்பியில் இணைந்த எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள், எதையும் சொல்லலாம். 1986இல் இது நியாயமான வடிவமைப்பே. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலை. வெளியுலகத்தோடு தொடர்பு கிடையாது. பெட்டிகள் எல்லாம் ஒரே உற்பத்தியாளரின் பொறுப்பில் இருந்தன.

அந்த நிலை இப்போது மாறிவருகிறது. விலையுயர்ந்த கார்களில் நூறு வரையான சிறு கணினிகள் பெருகிவிட்டன. கம்பியும் எடையும் செலவும் கூடியதால், பலவற்றின் வேலையைச் சக்தி வாய்ந்த ஒரே சிப்புக்குள் கொண்டுவருகிறார்கள். ஒரு சிப்பைப் பல தனித்தனிக் கணினிகள்போல நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதற்குள் ஓடும் ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கணினி. வேகமானியையும் எச்சரிக்கை விளக்குகளையும் காட்டும் டேஷ்போர்ட், பாதுகாப்புச் சான்று பெற்ற ஓர் இயங்குதளத்தில் ஓடும். பக்கத்திலேயே பாட்டு, வரைபடம், தொலைபேசி எல்லாம் அண்ட்ரொய்டில் ஓடும். அண்ட்ரொய்ட் உறைந்து நின்றாலும் வேகமானி ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்புவது ஹைப்பர்வைசரின் வேலை.

ஆனால் சுவருக்கு இருபுறமும் கேன் வேண்டும். வேகம் தெரியாமல் வேகமானி இல்லை. கார் ஓடும்போது முன்திரையில் வீடியோவை நிறுத்த வேண்டுமென்றால் அண்ட்ரொய்டுக்கும் வேகம் தெரிய வேண்டும். குளிரூட்டியைத் திரையில் தொட்டு மாற்றினால் அது கேனில் பேசியாக வேண்டும். இருப்பதோ ஒரே கேன் சிப். அதை எப்படிப் பகிர்வது?

எளிய வழி, சிப்பை முழுமையாக ஒரு மெய்நிகர் கணினியிடம் ஒப்படைப்பது. வேகம் கிடைக்கும், ஆனால் மற்றவர்களுக்குக் கேன் இல்லை, அது என்ன பேசுகிறது என்று நடுவில் கேட்க ஆளும் இல்லை. இரண்டாவது வழி, இல்லாத சிப் ஒன்று இருப்பதாக மென்பொருளால் நடிப்பது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎமு என்ற திறந்த மென்பொருளில் இதைச் செய்தவர்கள் செக் குடியரசின் பிராக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர். 2013இல் கூகுளின் கோடைகால மாணவர் திட்டத்தில் தொடங்கிய வேலை, பாவெல் பீஷாவின் பொறுப்பில் முதிர்ந்து, 2018இல் கியூஎமு 2.12 பதிப்பில் சேர்ந்தது. பிலிப்ஸின் எஸ்ஜேஏ1000 சிப் இருப்பதாக உள்ளே ஓடும் இயங்குதளம் நம்புகிறது. அந்தச் சிப்புக்கு எழுதிய பழைய மென்பொருள் ஓர் எழுத்துகூட மாறாமல் ஓடுகிறது. விலை என்னவென்றால் தாமதம். சிப்பின் ஒவ்வொரு பதிவேட்டைத் தொடும்போதும் வேலை நின்று, வெளியே போய், திரும்பி வர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழியே வாகனங்களுக்குப் பொருத்தமானது என்று நான் கருதுகிறேன். தான் மெய்நிகர் என்பதை மறைக்காமல், உள்ளிருக்கும் மெய்நிகர் கணினியும், உண்மையான சிப்பைக் கையாளும் வெளிக்கணினியும் பொது நினைவகத்தில் வரிசைகள் அமைத்துச் செய்திகளைக் கைமாற்றுவது. ரஸ்டி ரசல் என்ற ஒஸ்ரேலியர் 2008இல் விளக்கி எழுதிய வேர்ட்டியோ என்ற முறையின் நீட்சி இது. வலையமைப்புக்கும் வட்டுக்கும் வேர்ட்டியோ நீண்ட காலமாகவே பயன்படுகிறது. கேனுக்கான வடிவத்தை முன்வைத்தது பெர்லினின் ஓப்பன்சினர்ஜி நிறுவனம். இதில் அனுப்ப ஒரு வரிசை, பெற ஒரு வரிசை, தொடங்கவும் நிறுத்தவும் கட்டளையிட ஒரு வரிசை. ஒரு செய்தியை வெளிக்கணினி வாங்கிக்கொண்ட உடனேயே ‘அனுப்பியாயிற்று’ என்று சொல்லாமல், உண்மையான கம்பியில் அது போன பிறகே சொல்லும் ஒரு தெரிவும் உண்டு. பிரேக் சம்பந்தப்பட்ட மென்பொருள் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு உயிர் போன்றது.

வழி எதுவானாலும் சில சிக்கல்கள் மிஞ்சும். கேனின் குணமே அவற்றுக்குக் காரணம்.

ஒரே சிப்பைப் பகிரும் இரண்டு மெய்நிகர் கணினிகளில் ஒன்று பேசினால், மற்றது அதைக் கேட்க வேண்டும். உண்மையான கம்பியில் அப்படித்தானே நடக்கும்? ஆனால் சிப், தான் அனுப்பியதைத் தானே பெற்ற செய்தியாகத் திருப்பித் தருவது வழமையல்ல. ஆகவே வெளிக்கணினி ஒரு பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். ஃபொக்ஸ்வாகன் ஆய்வுப் பிரிவில் பிறந்து, 2008இல் லினக்ஸ் 2.6.25 பதிப்பில் சேர்ந்த சொக்கெட்கேன் என்ற கேன் மென்பொருள் இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது.

வரிசையின் ஆபத்து இன்னொன்று. கம்பியில் சிறிய எண்தான் முந்தும். ஆனால் கணினிக்குள் மென்பொருள் வரிசையில் முதலில் வந்தவர்தான் முதலில் போவார். அண்ட்ரொய்டின் அவசரமில்லாத செய்தி வரிசைத் தலையில் நின்று, கம்பியில் தன் முறைக்காகக் காத்திருந்தால், பின்னால் நிற்கும் டேஷ்போர்ட்டின் அவசரச் செய்தியும் காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை கொடுத்து, எண்ணைப் பார்த்து எடுத்தால்தான் கேன் தந்த முன்னுரிமை காப்பாற்றப்படும்.

பிட் வேகத்தை மாற்றும் அதிகாரத்தை உள்ளிருக்கும் எந்தக் கணினிக்கும் கொடுக்கக் கூடாது. வேகம் தவறாக அமைந்த ஒரு சிப், சரியான செய்திகளையும் பிழை என்று எண்ணிக் குறுக்கிட்டு முழு வலையையும் கலக்கிவிடும். கேன் சிப் ஒவ்வொன்றும் தன் பிழைகளை எண்ணிக்கொள்கிறது. அனுப்பும் பிழைக் கணக்கு 255ஐத் தாண்டினால் தானாகவே வலையிலிருந்து விலகிவிடும். பழைய காரில் இதனால் ஒரு பெட்டி மட்டும் ஊமையாகும். பகிர்ந்த சிப்பில் அத்தனை மெய்நிகர் கணினிகளும் ஒன்றாக ஊமையாகிவிடும். திரும்பத் தொடங்கும் பொறுப்பு யாருக்கு என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது அனுமதி. செய்தியில் அனுப்புநர் பெயர் இல்லாததால், கம்பிக்குப் போனபின் யார் அனுப்பியது என்று செய்தியை வைத்துச் சொல்ல முடியாது. எளிதில் சரிபார்க்கக்கூடிய இடம், மெய்நிகர் கணினியிலிருந்து செய்தி வெளியேறும் வாசல். எந்த எண்களை இவர் அனுப்பலாம், எவற்றைக் கேட்கலாம், வினாடிக்கு எத்தனை என்ற பட்டியல் அங்கே இருக்க வேண்டும். எண்ணிக்கை வரம்பு இல்லாவிட்டால், மிகச் சிறிய எண்ணோடு ஓயாமல் பேசும் ஒரு கணினி மற்ற எல்லோருடைய வாயையும் அடைத்துவிடும்.

இது கற்பனைப் பயமல்ல. 2015 ஜூலையில் அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்து கைப்பற்றிக் காட்டினார்கள். கைத்தொலைபேசி வலை வழியாகப் பொழுதுபோக்குக் கருவிக்குள் நுழைந்து, அதனோடு இணைந்த கேன் சிப்பின் மென்பொருளை மாற்றி எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கருவி சொன்ன பலவற்றை வாகனம் நம்பியது. 14 இலட்சம் வாகனங்களை உற்பத்தியாளர் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. வாசல் இருந்தது, ஆனால் காவலாளியையே மாற்றி எழுத முடிந்தது. அண்ட்ரொய்டின் கை எட்டாத இடத்தில், ஹைப்பர்வைசருக்குள்ளோ தனியான வேறொரு கணினியிலோ அந்தக் காவல் இருக்க வேண்டும் என்று பொறியியலாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இதெல்லாம் ஜேர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் உரிய கதை என்று மலையகத்தில் இருக்கும் மாணவர் நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் பொஷ் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு இருக்கிறது. செங்கல்பட்டு அருகே மஹிந்திராவின் ஆய்வு மையம் இருக்கிறது. தமிழர்கள் நாள்தோறும் செய்யும் வேலை இது. நம் இலங்கையில் தடையாக இருந்தது வாகனம்தான். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலை ஏறிக் கிடக்கிறது. பயிற்சிக்கென்று ஒரு ஹைபிரிட் காரைக் கழற்றிப்போட எந்தப் பயிற்சி நிலையத்தால் முடியும்?

மெய்நிகர் கணினி இந்தத் தடையை உடைக்கிறது. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டால் ‘விகேன்’ என்ற கற்பனைக் கேன் வலை கூடவே வருகிறது. கேன்டம்ப், கேன்சென்ட் என்ற சிறு கருவிகளால் செய்தியைப் பார்க்கலாம், அனுப்பலாம். கிரெய்க் ஸ்மித் எழுதிய ஐசிசிம் என்ற மென்பொருள் ஒரு டேஷ்போர்ட்டைத் திரையில் காட்டும். எந்தச் செய்தி வேகமுள்ளை நகர்த்துகிறது, எது கதவைப் பூட்டுகிறது என்று மாணவர் தானே தேடிக் கண்டுபிடிக்கலாம். கியூஎமுவில் இரண்டு மெய்நிகர் கணினிகளை எழுப்பி, ஒன்றை எஞ்சினாகவும் மற்றதை டேஷ்போர்ட்டாகவும் பேசவைக்கலாம். பஸ், லொறிகளின் ஜே1939 நியமத்தில் எஞ்சின் சுழற்சி இரண்டு பைட்டில் வரும். ஓர் அலகு நிமிடத்துக்கு 0.125 சுற்று. 12,000 என்ற எண் வந்தால் எஞ்சின் 1,500 சுற்றில் ஓடுகிறது. இந்தக் கணக்கைப் பிரித்தறியும் நிரலை உயர்தர மாணவர் எழுதிவிடுவார்.

கற்பனை வலைக்கு எல்லை உண்டு. விகேனில் மோதலும் இல்லை, மின் இரைச்சலும் இல்லை, கேட்டவர் இல்லாவிட்டாலும் செய்தி போனதாகவே கணக்கு. ஆகவே அடுத்த படியாக எம்சிபி2515 சிப் உள்ள இரண்டு மலிவான பலகைகளை வாங்கி, முறுக்கிய கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகளைப் பொருத்தி, மேசைமேல் உண்மையான கேன் வலை ஒன்றை அமைக்க வேண்டும். ஒரு தடையைக் கழற்றினால் என்ன ஆகிறது என்று அங்கேயே பார்க்கலாம். வீதியில் ஓடும் வாகனத்தின் சொக்கெட்டில் எதையும் அனுப்பிப் பார்க்க வேண்டாம். அது உயிருக்கு ஆபத்தான விளையாட்டு.

ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்தின் பயிற்றுநர்களையும், நம் பாடசாலைகளில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு கற்பிக்கும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு தவணைக்கு இதைப் பாடமாக வைத்துப் பாருங்கள். லினக்ஸ், கியூஎமு, ஐசிசிம் அனைத்தும் இலவசம். பெயர் பதிவும் வேண்டாம், உரிமக் கட்டணமும் இல்லை.