எதிர்ப்பொருள் ராக்கெட்

எதிர்ப்பொருள் என்பது சாதாரணப் பொருளின் மின்னேற்றம் தலைகீழான இரட்டை. எலெக்ட்ரானுக்குப் பாசிட்ரான், புரோட்டானுக்கு எதிர்ப்புரோட்டான். இரண்டும் தொட்டுக்கொண்டால் அழிந்து, நிறை முழுவதும் ஆற்றலாகிறது. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்தால் வெளிப்படுவது சுமார் 5 கோடி யூனிட். 1,440 மெகாவாட் மேட்டூர் அனல் மின் நிலையம் அவ்வளவு தர ஒன்றரை நாள் முழுத் திறனில் ஓட வேண்டும். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சினின் எரிபொருளோடு எடைக்கு எடை ஒப்பிட்டால், 600 கோடி மடங்குக்கும் மேல்.

எதிர்ப்பொருள் நமக்குப் புதிதல்ல. பவானிசாகர் பாசனத்தில் விளையும் வாழைப்பழம் ஒன்றிலுள்ள பொட்டாசியம்-40, ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரானை உமிழ்கிறது. கோவை மருத்துவமனைகளின் பெட் ஸ்கேன் புற்றுநோயைக் காட்டுவதும் பாசிட்ரான்களைக் கொண்டே. ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் எண்ணும் மியூவான் துகள்களில் பாதிக்கு மேல் நேர்மின் கொண்ட எதிர்த்துகள்கள். இவையெல்லாம் பிறந்த கணத்திலேயே மறைபவை. எரிபொருளாகச் சேர்த்துவைக்க உதவாது.

எஞ்சினின் தத்துவம் எளிது. எதிர்ப்புரோட்டான் அழியும்போது பயான் துகள்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்கின்றன. மின்னேற்றமுள்ளவற்றைக் காந்தப்புலத்தால் பின்னோக்கித் திருப்பினால் உந்துவிசை கிடைக்கும். மின்னேற்றமற்ற பயான்கள் காமாக் கதிர்களாகிவிடும். காந்தத்துக்கு அவை கட்டுப்படா. அந்தப் பங்கு வீணாவதோடு, பயணிகளைக் காக்கக் கனத்த கவசமும் தேவைப்படும்.

எரிபொருள்தான் கிடைப்பதில்லை. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் கூடம் இரண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கோடி எதிர்ப்புரோட்டான்களை ஆக்குகிறது. இந்த வேகத்தில் ஒரு கிராம் சேர, பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளும் போதா. ஆக்கியதைச் சுவரில் படாமல் வெற்றிடத்தில், மின்காந்தப் பொறிக்குள் மிதக்கவைக்க வேண்டும்.

நிதியும் இதே இடத்தில்தான் தேங்குகிறது. 1980களில் அமெரிக்க விமானப்படைக்காக இயற்பியலாளர் ராபர்ட் ஃபார்வர்ட் ஆய்வறிக்கை எழுதினார். 2000களில் நாசா, பாசிட்ரான் எஞ்சின் கருத்துருவுக்குச் சிறு தொகை தந்தது. இரண்டும் காகிதக் கட்டத்தைத் தாண்டவில்லை. எஞ்சின் வரைபடங்களைவிட உற்பத்திக்கும் சேமிப்புக்கும் பணம் போவதே சரி. அதைச் செய்வது அடிப்படை இயற்பியல் கூடங்கள்தாம். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. அங்கே 2024 அக்டோபரில், இடம்மாற்றக்கூடிய பொறி ஒன்றில் 70 புரோட்டான்களை லாரியில் ஏற்றி வளாகத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்புரோட்டான்களை இடம்மாற்றுவதற்கான ஒத்திகை அது.