ஒரே கொட்டில், வெவ்வேறு தொட்டி

ஒரே வேலிக்குள் ஆடும் கோழியும் வாத்தும் பகையின்றித் திரியும் படங்களைக் காணும்போது நம் உள்ளம் குளிர்கிறது. பண்ணை விலங்குகளைக் கொல்லாமல் இறுதிவரை வைத்துக் காக்கும் புகலிடங்களில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. ஒன்றாய் விட்டால் அவை தாமே கூடி வாழும் என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

இத்தகைய புகலிடங்களுள் பெயர்பெற்ற ஒன்று அமெரிக்காவின் 'ஃபார்ம் சாங்சுவரி'. ஜீன் பௌர், லாரி ஹூஸ்டன் என்னும் இருவர் 1986ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். அவ்வாண்டு பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டரில், கால்நடைச் சந்தை ஒன்றின் பின்புறம் செத்த விலங்குகளின் குவியலிற் கிடந்த பெண் செம்மறியொன்று தலையைத் தூக்கிற்று. இனிப் பிழையாது என்றெண்ணி அதனை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். அங்கே அது எழுந்து நின்றுவிட்டது! ஹில்டா எனப் பெயரிடப்பட்ட அந்தச் செம்மறி பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து முதுமையில் இறந்தது.

மீட்டு வந்தபின்தான் நீண்ட வேலை தொடங்குகிறது. செம்மறியையும் வெள்ளாட்டையும் வெவ்வேறாகப் பிரிக்கும் மேய்ப்பனை மத்தேயு நற்செய்தியில் நம் வாசகர் கண்டிருப்பர். இங்கே பிரிப்பதற்குக் காரணம் செம்பு. வெள்ளாட்டின் உடலுக்குச் செம்புச்சத்து சற்றுக் கூடுதலாகவே வேண்டும். அதே அளவு செம்மறிக்கு நஞ்சு. அது ஈரலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஒருநாள் திடீரெனக் குருதியிற் கலக்கிறது. சிவப்பணுக்கள் உடைகின்றன, கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கருஞ்சிவப்பாய்ப் போகிறது. பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. ஆகவே வெள்ளாட்டுக்குரிய தாது உப்புக் கட்டியைச் செம்மறியின் நாக்கு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. இரண்டும் ஒரே கொட்டிலில் உறங்கலாம். உப்பு மட்டும் வேறு.

கோழித் தீவனத்தாலும் ஆட்டுக்கு ஆபத்துண்டு. அந்தத் தானியத்தை ஆடு வயிறார உண்டுவிட்டால் இரைப்பையில் புளிப்பு மிகுந்து உயிருக்கே மோசமாகும். கோழி நுழையத்தக்க, ஆடு நுழையமுடியாத சிறுவாயில் ஒன்றை அமைத்து, அதற்கு உட்புறம் தீவனத்தை வைப்பது வழக்கம். எளிய ஏற்பாடுதான். ஆனால் வெள்ளாட்டின் சாமர்த்தியத்தை அறிந்தவர்கள் அவ்வாயிலின் தாழ்ப்பாளை அடிக்கடி சோதிப்பர்!

வாத்துக்குத் தலையை அமிழ்த்தத் தண்ணீர் வேண்டும். கோழிக்கோ தரை ஈரமானால் நோய். வான்கோழியையும் கோழியையும் சேர்த்துவிடவும் கூடாது. கோழிக்குப் பெருந்தீங்கு செய்யாத ஒரு நுண்ணுயிர், அதன் குடற்புழுவின் முட்டைகள் வழியே பரவி, வான்கோழியின் ஈரலை அழிக்கிறது.

இவை அனைத்தினும் நம்மை வருத்தியது கறிக்கோழியின் நிலையே. ஆறேழு வாரங்களில் இறைச்சியாவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் அது. கொலைக்குத் தப்பினாலும், தன் உடற்பாரத்தினின்று தப்புவதில்லை. விரும்பிய மட்டும் தின்னவிட்டால் கால்கள் தாங்கா, இதயமும் தளரும். எனவே அதற்கு உணவை அளந்தே வைக்கிறார்கள். இரக்கத்தால் மீட்டவர்களே, அது பசியோடு பார்க்கையில் தொட்டியை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. பிற கோழிகள் வேலியின் மறுபுறம் கொத்திக்கொண்டிருக்கும்.

பொழுது சாய்ந்ததும் நரிக்கு அஞ்சிக் கோழிகளை உள்ளே அடைத்துத் தலைகளை எண்ணுகின்றனர். ஒன்று குறைந்தால், விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஆட்டுக் கொட்டிலின் உலர்புல்லுக்குள்தான் தேடுவர்.