தண்டனை ஒப்படைப்பும் பொறுப்புப் பகிர்வும்: மாணவர் நடத்தையில் பெற்றோர் பங்கு

முன்னுரை

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் ஆசிரியரிடம், “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று கூறுவது தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலம் நிலவிய வழக்கமாகும். இவ்வழக்குத்தொடர் உணர்த்தும் பெற்றோர் - ஆசிரியர் உறவையும், கல்வி உரிமைச் சட்டம் அதனை மாற்றியமைத்த முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வழக்குத்தொடர் உணர்த்தும் உறவு

இத்தொடரின்வழிப் பெற்றோர் தம் தண்டிக்கும் உரிமையை ஆசிரியரிடம் ஒப்படைக்கின்றனர். கண்ணுக்கு ஊறு நேரலாகாது என்பது ஒன்றே அவர்கள் விதிக்கும் வரையறை. “அடியாத மாடு படியாது” என்னும் பழமொழியும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. ஒப்படைப்பு முடிந்தபின் பள்ளியில் பெற்றோருக்கு வேலையில்லை. பிள்ளை தவறிழைக்கும்போதுதான் அவர்கள் மீண்டும் அழைக்கப்படுகின்றனர். “நாளைக்கு அப்பாவை அழைத்து வா” என்னும் கூற்று, அழைப்பாக அன்றி அச்சுறுத்தலாக ஒலிப்பதன் காரணம் இதுவே. ஒருநாள் கூலியை இழந்து வந்து, பிறர்முன் தலைகுனிந்து திரும்பும் தந்தை வீட்டில் பிள்ளையை அடிக்கக்கூடும். அந்நிலையில், பள்ளி கைவிட்ட பிரம்பு வீட்டுக்கு இடம்பெயர்கிறது.

சட்டம் அமைக்கும் உறவு

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல்சார் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. எனவே, பெற்றோரே விரும்பி வழங்கினும் தண்டிக்கும் உரிமையை ஆசிரியர் ஏற்க இயலாது. 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள்.

எனினும், குழுவில் இடம்பெறுவோர் சிலரே. அனைத்துப் பெற்றோரையும் தழுவுவது 24ஆம் பிரிவாகும். பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம், தொடர்புடைய பிற செய்திகள் ஆகியவற்றைத் தெரிவிப்பதை அது ஆசிரியரின் கடமையாக்குகிறது. இப்பட்டியலில் நடத்தை தனித்துப் பெயரிடப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. அடிக்கடி விடுப்பெடுத்தல், பாடம் புரியாமை ஆகியன பல நேரங்களில் ஒழுங்கீனத்துக்கு முன்னறிகுறிகளாகின்றன. அவற்றைத் தொடக்கத்திலேயே பெற்றோருடன் பேசும் ஆசிரியருக்கு, நடத்தைச் சிக்கலைக் கற்றல் சிக்கலின் பகுதியாகக் காணும் வாய்ப்புக் கிட்டுகிறது.

முடிவுரை

பிரம்பைத் தடைசெய்ததனால் மட்டும் பழைய உறவு மறைந்துவிடவில்லை. “அப்பாவை அழைத்து வா” என்னும் தொடரில் அது எஞ்சி நிற்கிறது. குற்றம் நிகழாத நாளிலும் பெற்றோர் பள்ளிக்கு வந்து, தம் பிள்ளையைப் பற்றி நல்லதொரு சொல்லைக் கேட்டுத் திரும்பும் நிலை உருவாகும்போதே அத்தொடர் தன் அச்சப்பொருளை இழக்கும்.