மலையேறும் வண்டியும் பெற்றோலின் தரமும்

ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தலைநகரான டென்வர், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,609 மீற்றர், அதாவது ஒரு மைல், உயரத்தில் அமைந்த நகரம். அந்நகரத்துப் பெற்றோல் நிலையங்களில் மிக மலிவாக விற்கப்படும் பெற்றோலின்மீது 85 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதே நாட்டின் கரையோர நகரங்களிலோ மிக மலிவான பெற்றோலின் எண் 87 ஆகும். மலைநாட்டாருக்கு மட்டும் எண் குறைந்த பெற்றோலை விற்பானேன்? உயரமான இடத்தில் வண்டிக்கு அவ்வளவு தரம் வேண்டியதில்லை என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அக்காரணத்தில் எவ்வளவு உண்மை உண்டு என்பது, மலைப்பாதையில் வண்டி செலுத்தும் எவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

இந்த எண்ணைக் குறித்துப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. எண் கூடிய பெற்றோலில் வலுவும் கூட இருக்கும் என்று அவர்கள் கருதுகின்றனர். ஒக்டேன் எண் வலுவை அளப்பதன்று. பொறுமையை அளப்பது என்னலாம். எஞ்சினின் உருளைக்குள் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையை முசலம் நெருக்குகின்றது. மெக்கானிக்குமார் பிஸ்ரன் என்று சொல்வது இதனைத்தான். நெருங்கிய கலவையில் பிளக் பொறியிட, தீ ஓர் ஓரத்திற் பற்றி மறு ஓரம் நோக்கிப் பரவுகின்றது. பரவும் தீ, இன்னும் எரியாத பகுதியை மேலும் நெருக்கிச் சூடாக்குகின்றது. தீ வந்து சேருமுன்னரே அப்பகுதி தானாகப் பற்றிக்கொள்ளுமாயின், உலோகத்தைச் சுத்தியலால் தட்டினாற்போன்ற ஓசை எழும். சாரதிமார் இதனை எஞ்சின் ‘நொக்’ அடிக்கிறது என்பர். நெடுநேரம் நீடித்தால் முசலம் உடைந்து போவதும் உண்டு. இவ்வாறு முந்திப் பற்றாமல் தாங்கும் தன்மையே ஒக்டேன் எண்ணாற் குறிக்கப்படுகின்றது. ஐசோ ஒக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், எளிதிற் பற்றும் ஹெப்டேனுக்குச் சைபர் என்றும் வைத்து, 1920களில் இவ்வளவுகோல் வகுக்கப்பட்டது.

இலங்கையில் விற்கப்படும் பெற்றோலின் 92, 95 என்ற எண்களை டென்வரின் 85 உடன் நேரே ஒப்பிடுதல் கூடாது. பெற்றோலைச் சோதிக்க மென்மையானது, கடுமையானது என இரு முறைகள் உள. இலங்கையிலே குறிக்கப்படுவது மென்மையான சோதனையின் எண். அமெரிக்கர் குறிப்பது இரண்டின் சராசரி. அவர்களுடைய 85, இந்நாட்டுக் கணக்கிலே ஏறக்குறைய 90 ஆகும்.

இனி உயரத்தின் விடயத்துக்கு வருவோம். மேலே செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறைகின்றது. கடல் மட்டத்தில் உள்ளதை நூறு பங்கு என்றால், டென்வரில் ஏறத்தாழ 83 பங்கே உண்டு. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 80 பங்கு. முசலம் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்று அந்த அளவுக்குக் குறைகின்றது. குறைந்த காற்றை எத்தனை மடங்கு நெருக்கினும், முடிவில் எழும் அமுக்கமும் குறைவே. ஆகவே கலவை முந்திப் பற்றும் ஆபத்துத் தணிகின்றது. காபுரேற்றர் பொருத்திய பழைய வண்டிகளில் இன்னொன்றும் நிகழ்ந்தது. காற்று ஐதான அளவுக்குக் காபுரேற்றர் பெற்றோலைக் குறைப்பதில்லை. கலவையிற் பெற்றோல் மிகுந்தமையால் ‘நொக்’ மேலும் அடங்கியது. டென்வரின் 85 அக்காலத்து வண்டிகளுக்குத் தகுந்த பெற்றோலே. ஆனால் வண்டியின் வலுவும் கூடவே குறைந்தது என்பதை மறத்தலாகாது. எஞ்சினுக்குக் கிடைத்த சலுகை, மூச்சு முட்டியதனால் வந்த சலுகையே.

அந்த மூச்சைத் திருப்பிக் கொடுத்தால் சலுகையும் போய்விடும். காற்றை அழுத்தி ஊட்டும் ரேர்போ பொறி அதைத்தான் செய்கின்றது. மலையுச்சியிலும் அது உருளைக்குள்ளே அடர்ந்த காற்றையே செலுத்த முயல்கின்றது. சில ஆயிரம் மீற்றர் உயரத்திற் பறந்து போரிட்ட பிரித்தானியப் போர் விமானங்கள் 1940ஆம் ஆண்டில் 100 ஒக்டேன் பெற்றோலைப் பயன்படுத்தியதும் இவ்வகையான காற்றழுத்திகளின் பொருட்டே. இன்றைய வண்டிகளிற் பல ரேர்போ பூண்டவை. ரேர்போ இல்லாத வண்டிகளிலும் ‘நொக்’ ஓசையை உணர்ந்து பொறியிடும் நேரத்தை மாற்றும் மின்னணுக் கருவி உண்டு. தரம் குறைந்த பெற்றோலை ஊற்றினால் அக்கருவி எஞ்சினைக் காக்கும். ஆனால் வலுவையும் சிக்கனத்தையும் பலி கொடுத்தே காக்கும். அமெரிக்காவில் விற்கப்படும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் கைந்நூல், 87க்குக் குறையாத பெற்றோலையே வேண்டுகின்றது. நூல் ஒன்று சொல்ல, டென்வரில் மலிவான குழாய் வேறொன்று சொல்கின்றது. வண்டியைச் செய்தவன் சொல்லைக் கேட்பதே முறை.

வேறொரு சிக்கலும் உண்டு. பெற்றோல் ஊரோடு நிற்பதன்று; தாங்கியில் ஏறி வண்டியோடு பயணம் செய்வது. டென்வரில் தாங்கியை நிரப்பிக் கிழக்கே செல்பவர், ஏறத்தாழ 540 கிலோமீற்றர் கடந்து கன்சாஸ் மாநிலத்து ஹேய்ஸ் நகரை அடையும்போது சுமார் ஆயிரம் மீற்றர் கீழே இறங்கிவிடுகின்றார். தாங்கியில் எஞ்சியிருப்பதோ மலைநாட்டுப் பெற்றோல்.

இலங்கையில் இவ்வேறுபாடு இன்னும் குறுகிய தூரத்தில் நிகழ்கின்றது. காலையில் நுவரெலியாவில் இருந்த வண்டி மாலையிற் கொழும்பில் நிற்கும். மலைநாட்டுக்கெனத் தனிப் பெற்றோல் விற்பது இத்தீவிலே பொருளற்றது. மேலும், கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வண்டியின் எஞ்சின் பெருஞ்சுமையை முதலில் உணர்வது உச்சியிலன்று, கடுகண்ணாவை ஏற்றத்திலே. அவ்விடத்தின் உயரம் 500 மீற்றர் அளவே. காற்றும் நூற்றுக்கு 94 பங்கு அடர்ந்தே இருக்கின்றது. ஆட்களும் பொதிகளும் நிறைந்த வண்டியை மேல் கியரிலேயே விட்டு, அக்சிலேற்றரை முழுதும் மிதிக்கும் சாரதிக்கு அந்தத் தட்டோசை கேட்பது அங்கேதான். கியரைக் குறைத்து எஞ்சினைச் சற்று விரைவாகச் சுழல விட்டால் ஓசை பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் அடுத்த முறை கைந்நூல் கூறும் எண்ணுள்ள பெற்றோலைக் கொழும்பிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுதல் வேண்டும்.